நான்கு பொய்யும் ஒரு நிஜமும்: ஜிமேட் கேள்வியின் ஒப்பனை அறைக்குள்ளே

சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். படித்த, விவரமான ஆள் ஒருவர் ஆசை ஆசையாக வந்து கிளிக் செய்கிற மாதிரி ஒரு தப்பான விடையை எழுதத்தான் கை தேர்ந்திருக்க வேண்டும்! எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் கிரிட்டிக்கல் ரீசனிங் என்றொரு வகைக் கேள்வி உண்டு. படிப்பவர்கள் செல்லமாக 'சிஆர்' என்பார்கள். ஒரு குட்டிப் பத்தி, அதன் கீழே ஒரு கேள்வி, அதன் கீழே ஐந்து விடைகள். ஐந்தில் நான்கு பொய். அந்த நான்குக்கும் பவுடர் பூசி, பொட்டு வைத்து, ஜரிகை அங்கவஸ்திரம் போர்த்தி மேடைக்கு அனுப்பும் ஒப்பனை அறை ஒன்று இருந்தாக வேண்டும் இல்லையா? அதன் சாவித் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். குஷி தாங்கவில்லை, அதனால் வரிசை முறையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

என்னை உள்ளே கூட்டிப்போனவர்கள், மேற்கு மாம்பலத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டு ஹாலில் ஞாயிறு காலைகளில் கூடும் நால்வர். பெயர் போடக்கூடாது என்பது முதல் நிபந்தனை. நான்கு பேருடைய ஆபீஸுக்கும் இந்த எம்.பி.ஏ. திட்டம் தெரியாது! ஆகவே அவர்கள் இங்கே வங்கி அக்கா, ஆடிட்டர் பொண்ணு, ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி, ஓ.எம்.ஆர். ஐ.டி. மச்சி. வீடு அக்காவுடையது, ஆகவே சட்டமும் அக்காவுடையது. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: நான்கு தப்பு விடைகளுக்கும் போஸ்ட்மார்ட்டம் முடியும்வரை சரியான விடையை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மீறினால் அடுத்த வாரம் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கி வர வேண்டும். நான் போன அன்றைக்கே மச்சி மீறினார். பஜ்ஜி எனக்குக் கிடைக்காது என்பதுதான் வருத்தம்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இவர்களுடைய படபடப்பு புரியும். 2023 நவம்பரில் ஜிமேட் புது உருவம் எடுத்தது; 2024 ஜனவரியோடு பழைய உருவம் விடைபெற்றது. இப்போது மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணக்கில் 21 கேள்வி, வெர்பலில் 23, தரவு அலசும் பிரிவில் 20. மொத்த மதிப்பெண் 205இலிருந்து 805 வரை; எல்லா மதிப்பெண்ணும் 5இல்தான் முடியும். பழைய தேர்வில் வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகள் வெர்பலில் கணிசமாக இடம்பிடித்திருந்தன. இலக்கண விதிகளை உருப்போட்டே மதிப்பெண் அள்ளிய தலைமுறை ஒன்று நம் ஊரில் உண்டு. அந்தக் கேள்விகளை அப்படியே தூக்கிவிட்டார்கள்! மிஞ்சியவை வாசித்துப் புரிந்துகொள்ளும் பத்திகளும் சிஆரும் மட்டும். 45 நிமிடத்தை 23ஆல் வகுத்துப் பாருங்கள், கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுசாக வராது. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லாத பாடத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டை.

சரி, ஒப்பனை அறைக்குப் போவோம். அதிகாரபூர்வக் கேள்விகளை இங்கே அச்சடிக்க முடியாது, அவற்றுக்குக் காப்புரிமை இருக்கிறது. அதனால் அதே அச்சில் நானே ஒன்று எழுதி நால்வர் முன்னாலும் வைத்தேன். கை நடுங்கிற்று, பொய் சொல்லவில்லை. கேள்வி இதுதான்.

ஒரு நகர நூலகம், புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் வாங்கும் அபராதத்தை நீக்கியது. அடுத்த ஓராண்டில் தாமதமாகத் திரும்பிய புத்தகங்களின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டைவிட 40 சதவீதம் கூடியது. ஆகவே, அபராதத்தை நீக்கியது வாசகர்களைப் பொறுப்பற்றவர்களாக்கிவிட்டது என்கிறார் ஒரு நகரமன்ற உறுப்பினர். கீழே உள்ளவற்றில் எது, உண்மையாக இருந்தால், இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்?

அ) அபராதமாக வசூலான தொகை, நூலகத்தின் மொத்த வருமானத்தில் மிகச் சிறிய பங்கு.
ஆ) அபராதத்தை நீக்காத பக்கத்து நகர நூலகத்தில், அதே ஆண்டில் தாமதங்கள் கூடவில்லை.
இ) அபராதம் மறுபடி வந்தால் நூலகத்துக்கே வரமாட்டோம் என்று பல வாசகர்கள் சொல்கிறார்கள்.
ஈ) அந்த ஆண்டில் தாமதமாகத் திரும்பியவற்றில் பெரும்பகுதி, அபராதம் நீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கெடு தாண்டி, வாசகர்களின் வீடுகளில் தங்கிவிட்ட புத்தகங்கள்.
உ) அபராதம் இருந்த காலத்திலும் சில வாசகர்கள் புத்தகங்களைத் தாமதமாகவே திருப்பிக் கொடுத்தார்கள்.

டைமர் ஓடுகிறது. நீங்களும் ஒன்றைத் தேர்ந்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

தம்பி 'உ' போட்டிருந்தார். மற்ற மூவரும் வேறு. அக்கா நாற்காலியை நகர்த்தி அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா தம்பி, 'உ' எப்படி உன்ன மயக்குச்சு?"

"முன்னாடியும் லேட்டாத்தானேக்கா குடுத்தாங்க? அப்புறம் இப்ப மட்டும் ஏன் திட்டணும்னு தோணுச்சு."

"முன்னாடி லேட்டே இல்லைன்னு அந்த ஆளு எங்கடா சொன்னாரு? கூடிப்போச்சுன்னுதான சொல்றாரு. முன்னாடி நூறுன்னா இப்ப நூத்தி நாப்பது. அந்த நாப்பது எங்கேர்ந்து வந்துச்சு? 'உ' அதுக்குப் பதில் சொல்லுதா?"

தம்பி பேசவில்லை. 'உ' செத்தது. அதன் முகப்பூச்சு என்ன தெரியுமா? எதிர்க்கட்சிக்காரர் பேசுகிற தொனி. "அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னாலே நமக்கு எதிர்வாதம் கேட்ட திருப்தி வந்துவிடுகிறது. ஆனால் வாதத்தின் உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை.

'ஆ'வை எடுத்தார் ஆடிட்டர் பொண்ணு. "இது நம்ம கட்சியே இல்லக்கா. பக்கத்து ஊர்ல அபராதம் இருக்கு, தாமதம் கூடல. அப்ப உறுப்பினர் சொல்றதுதான் சரின்னு ஆகுது." பலவீனப்படுத்தச் சொன்ன இடத்தில் பலப்படுத்தும் விடை! நேரம் நெருக்கும்போது மனம் "ஆஹா, இது சம்பந்தப்பட்டது" என்று மட்டும் பார்த்துவிட்டு எந்தத் திசையில் சம்பந்தம் என்பதை மறந்துவிடுகிறது. கேள்வி எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் எதிர்த்திசை விடை ஒன்று அநேகமாக எங்காவது ஒளிந்திருக்கும். 'அ' பணத்தைப் பற்றிப் பேசுகிறது; வாதத்தில் பணமே கிடையாது. 'இ' இனி என்ன செய்யலாம் என்று பேசுகிறது. கேள்வியோ ஏன் இப்படி நடந்தது என்பது.

இப்போது நிஜத்தைச் சொல்லலாம். 'ஈ'! அபராதம் ஏறிக்கொண்டே போகிறதே என்ற பயத்தில் பல வருடமாகப் பரணில் கிடந்த புத்தகங்கள், பயம் நீங்கியதும் திரும்பி வந்தன. அவையும் கணக்கில் "தாமதமாகத் திரும்பியவை"தானே? ஆக, எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் பொறுப்பின்மை இல்லை, பொறுப்பு திரும்பி வந்தது! இது என் கற்பனை மட்டும் இல்லை. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமத அபராதத்தை நீக்கியது. அடுத்த சில வாரங்களிலேயே திரும்பி வந்த புத்தகங்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடின. நிஜ உலகத்தில் இவ்வளவு அழகான சிஆர் கேள்விகள் இறைந்து கிடக்கும்போது தேர்வுக்காரர்கள் ஏன் உலக வரைபடத்திலேயே இல்லாத நாடுகளைக் கற்பனை செய்து எழுதுகிறார்கள் என்று கேட்காதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

அதற்கு முன் அந்த ஒப்பனை அறையின் மிகப் பெரிய கெட்ட கனவு. என் கேள்வியில் 'உ'வின் இடத்தில், "அந்த ஆண்டில் நூலக உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு மடங்கானது" என்று வைத்துப் பாருங்கள். உறுப்பினர் இரட்டிப்பானால் தாமதம் 40 சதவீதம் கூடியது ஒரு குற்றமா? தலைக்குக் கணக்குப் போட்டால் குறைந்தல்லவா இருக்கிறது! அதுவும் வாதத்தை உடைக்கும். இரண்டு நிஜங்கள். கேள்வி அங்கேயே செத்தது, குப்பைக்கூடைக்குப் போக வேண்டியதுதான். ஒரு தப்பு விடை கவர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் சரியாக இருந்துவிடக் கூடாது. அந்தத் தலைமுடி அளவு இடைவெளியில்தான் கேள்வி எழுதுபவர்களுடைய தொழிலே நடக்கிறது. கடைகளிலும் போனிலும் கிடைக்கும் இலவசப் பயிற்சிக் கேள்விகளில் பாதிக்குப் பாதி சொதப்புவது இங்கேதான் என்பது அக்காவின் தீர்ப்பு. எனக்கும் அதே எண்ணம். மோசமான கேள்விகளில் பழகினால், விடை இரண்டுபோலத் தெரிவது இயல்புதான் என்று மூளை சமாதானம் ஆகிவிடும். நல்ல கேள்வியில் அப்படித் தெரிந்தால், நீங்கள் எதையோ வாசிக்காமல் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிஜமான ஒப்பனை அறை எப்படி இயங்குகிறது? இந்தத் தேர்வின் கதை 1953இல் தொடங்குகிறது. ஒன்பது அமெரிக்க வணிகக் கல்லூரிகள் சேர்ந்து, பிரின்ஸ்டனில் உள்ள இ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனத்தோடு பேசின. 1954இல் முதல் தேர்வு. அப்போது அதற்கு ஒரு முழ நீளப் பெயர். ஜிமேட் என்ற பெயர் 1976இல்தான் வந்தது. 1997இல் தாளும் பென்சிலும் போய்க் கணினி வந்தது. சாதாரணக் கணினித் தேர்வு இல்லை, ஆளுக்கேற்ப மாறுவது. நீங்கள் சரியாகப் போட்டால் அடுத்தது கடினம், தப்பாகப் போட்டால் அடுத்தது எளிது. பக்கத்துச் சீட்டுக்காரரும் நீங்களும் பார்ப்பது ஒரே தேர்வு இல்லை.

இங்கேதான் ஒரு சில்லென்ற ரகசியம்! தேர்வு நாளன்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆமாம், அவை ஒத்திகைக் கேள்விகள். புதிதாக எழுதப்பட்ட கேள்வியை நிஜத் தேர்வாளர்கள் மத்தியில் கலந்து விட்டு, யார் யார் எந்த விடையில் விழுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். எது நிஜம், எது ஒத்திகை என்று உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். இதைக் கேட்டதும் தம்பி கண்களை மூடி, "போன தடவ எனக்கு வந்த அந்த பறவைக் கேள்வி ஒத்திகையா இருக்கணும் முருகா" என்றார்.

ஒத்திகையில் என்ன பார்க்கிறார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வளைகோடு வரைகிறார்கள். கீழே தேர்வாளரின் திறமை, பக்கவாட்டில் அவர் சரியாகப் போடும் வாய்ப்பு. நல்ல கேள்வியில் அந்தக் கோடு ஆங்கில எஸ் எழுத்தை நீட்டி இழுத்ததுபோல இடமிருந்து வலமாக ஏறும். ஏறுகிற இடம் எங்கே என்பது கேள்வியின் கடினம். எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது அது ஆட்களைப் பிரித்துக் காட்டும் சாமர்த்தியம். குருட்டாம்போக்கில் போட்டாலும் ஐந்தில் ஒன்று விழும் என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. இந்தக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இ.டி.எஸ்.ஸில் வேலை பார்த்த ஃப்ரெடெரிக் லார்ட். நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள் மொத்தமாகப் போய் ஒரு பொய்யில் விழுந்து, சுமாரானவர்கள் நிஜத்தைப் பிடித்தார்கள் என்றால் கோடு தலைகீழாகிவிடும். அந்தக் கேள்வி மேடை ஏறாது. திறமைசாலிகள் அதில் ஏதோ ஒரு இரண்டாவது நிஜத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்!

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே அளவு திறமை உள்ள இரண்டு குழுக்களை எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வியில் மட்டும் ஒரு குழு வழுக்கி விழுகிறதா என்று பார்ப்பது. பேஸ்பால் தெரிந்தால்தான் புரியும் கேள்வி என்றால் சென்னைப் பையன் தோற்பது தர்க்கத்தில் இல்லையே! கற்பனை நாடுகள் எதற்கு என்று கேட்டீர்களே, ஒரு காரணம் இதுதான்: யாருக்கும் முன்கூட்டித் தெரியாத ஊர் என்றால் எல்லாருக்கும் அது சம தூரம். இந்தப் பாரபட்சச் சோதனைக்குத் தேர்வுத் துறையில் பரவலாகப் பயன்படும் முறை ஒன்றின் பூர்வீகம் மருத்துவம்! நோய்க்கும் அதன் காரணத்துக்கும் உள்ள தொடர்பை அளக்க 1959இல் மேன்டல், ஹேன்ஸல் என்ற இருவர் வகுத்த கணக்கு அது. 1980களில் இ.டி.எஸ்.ஸின் ஹாலண்டும் தேயரும் அதைத் தேர்வுக் கேள்விகளுக்குக் கொண்டுவந்தார்கள். நோயைத் தேடிய கணக்கு இப்போது கேள்வித்தாளின் நாடியைப் பிடிக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு உருவான கேள்வியை ஒருவர் வெளியே வந்து ஒப்பித்துவிட்டால் உழைப்பெல்லாம் போச்சு. தேர்வு மையத்தில் உள்ளங்கையை ஸ்கேன் செய்வது ஆள்மாறாட்டத்துக்காக. ரேகையை இல்லை, தோலுக்கடியில் ஓடும் ரத்த நாளங்களின் கோலத்தைப் பதிகிறார்கள். ஒப்பிப்பவர்களுக்கு நீதிமன்றம். நடப்புக் கேள்விகளைக் காசுக்குப் பகிர்ந்த ஒரு இணையதளத்தின் மேல் 2008இல் அமெரிக்க நீதிமன்றம் 20 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு போட்டது.

மாம்பலத்துக்குத் திரும்புவோம். காபி வந்துவிட்டது. இப்போது அசம்ப்ஷன் நேரம், அதாவது வாதம் சொல்லாமல் விழுங்கிய நம்பிக்கையைக் கண்டுபிடிப்பது. ஆடிட்டர் பொண்ணு ஒரு வாதத்தை எடுத்துவிட்டார்: டிக்கெட் விலையைக் குறைத்தால் பயணிகள் கூடுவார்கள், ஆகவே பேருந்து நிறுவனத்தின் வருமானம் உயரும். சொல்லாமல் விழுங்கியது என்ன? கூடுதலாக வரும் பயணிகள் தரும் பணம், விலைக் குறைப்பால் கைவிட்டுப் போகும் பணத்தைவிட அதிகம் என்பது. அது சரிதானா என்று எப்படித் தெரியும்? "நெகேட் பண்ணுங்க!" என்று நால்வரும் ஒரே குரலில் கத்தினார்கள். கீழ் வீட்டு மாமி மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். விடையைத் தலைகீழாக்கு, வாதம் விழுந்தால் அதுதான் விடை. கூடுதல் பயணிகளின் பணம் இழப்பை ஈடுகட்டாது என்று வைத்துக்கொண்டால் வருமானம் உயர்வது எங்கே? விழுந்தது! "பயணிகள் எல்லாருமே விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள்" என்றொரு விடை இருந்தது. அதைத் தலைகீழாக்கினால் "சிலர் வேறு சிலவற்றையும் பார்க்கிறார்கள்". அதனால் வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளியே போ. "எல்லாரும்", "மட்டும்", "ஒருபோதும்" என்று மார்தட்டும் விடைகளில் முக்கால்வாசி இந்தச் சோதனையில் மண்ணைக் கவ்வும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். பத்தியே "எல்லாரும்" என்று பேசினால் விடையும் அப்படிப் பேசலாம். நால்வரில் மச்சிக்கு இதில்தான் அடி.

முதலில் கேள்வியைப் படிப்பதா, பத்தியைப் படிப்பதா என்பதில் அக்காவும் மச்சியும் பரம எதிரிகள். "என்ன தேடப்போறேன்னு தெரியாம கடைக்குப் போவியா?" என்பது அக்காவின் கட்சி. பத்தியைப் படித்தாலே வாதத்தின் கேப் கண்ணில் குத்த வேண்டும், கேள்வி எதுவானால் என்ன என்பது மச்சியின் கட்சி. நான் அக்கா பக்கம். இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டிய காரியத்தில் அனாவசிய வீரம் எதற்கு?

போல்ட்ஃபேஸ் கேள்விகளைப் பற்றி ஒரே வார்த்தை: எரிச்சல். பத்தியில் இரண்டு வாக்கியங்களைத் தடித்த எழுத்தில் போட்டு, அவை வாதத்தில் என்ன வேலை செய்கின்றன என்று கேட்பார்கள். விடைகள் ஐந்தும் வக்கீல் நோட்டீஸ் நடையில் இருக்கும். ஆசிரியர் கடைசியில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் பிடித்துக்கொண்டால் மூன்று விடைகள் தானாக உதிரும். அவ்வளவுதான் சூத்திரம்.

இன்ஃபரன்ஸ் கேள்வியில் கதையே வேறு. ஒரு நிறுவனம் இந்த ஆண்டு 10 சதவீதம் அதிகமாகச் சோப்புக்கட்டி விற்றது. விற்பனைப் பணமோ போன ஆண்டைப் போலவே இருக்கிறது. இதிலிருந்து என்ன சொல்லலாம்? போட்டி அதிகமாகிவிட்டது, தரம் குறைந்துவிட்டது, தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதுவும் கிடையாது! ஒரு கட்டிக்குச் சராசரியாகக் கிடைத்த பணம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் உறுதி. விலை உயர்ந்த சோப்பு குறைவாகவும் மலிவான சோப்பு அதிகமாகவும் விற்றிருந்தால் தள்ளுபடியே தேவையில்லையே. இந்த வகையில் சப்பென்று இருக்கும் விடைதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. பளபளப்பான விடைகள் எல்லாம் ஒரு அடி அதிகமாகத் தாண்டியவை.

கடைசியாக, அவர்கள் யாருக்கும் காட்டாத புதையலை எனக்குக் காட்டினார்கள். எரர் லாக்! தப்பான கேள்விகளின் எக்செல் பட்டியல். எல்லாரும் வைத்திருப்பார்கள், தேதி, வகை, ஆன நேரம் என்று. இவர்களுடையதில் ஒரு விநோதமான நெடுவரிசை இருக்கிறது. அதன் தலைப்பு "இது ஏன் எனக்குப் பிடித்தது?" சரியான விடை ஏன் சரி என்பதை யார் வேண்டுமானாலும் விளக்கத்தைப் பார்த்து எழுதலாம். தப்பான விடை என்னை எப்படி இழுத்தது என்பதை நான் மட்டும்தானே எழுத முடியும்? மச்சியின் பட்டியலிலிருந்து அனுமதியோடு சில: "மட்டுமே என்ற சொல்லைக் கண் தாண்டிவிட்டது." "பத்தியில் இருந்த அதே சொற்கள் விடையிலும் இருந்தன, சொந்தக்காரன் மாதிரி தெரிந்தது." "இரண்டுக்குக் குறைத்தேன், நீளமானதைப் போட்டேன். காரணம் இல்லை. நீளம் பிடித்திருந்தது."

பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ஆடிட்டர் பொண்ணு அதிகம் தப்பு செய்வது வரி பற்றிய கேள்விகளில். அக்கா விழுவது வங்கிக் கேள்விகளில். இன்ஜின் என்ற சொல் வந்தால் தம்பிக்குச் சனி. தெரிந்த விஷயம் என்றதும், பத்தியில் இல்லாத தகவலைத் தலையிலிருந்து எடுத்துத் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள்! "நிஜத்துல வட்டி ஏறினா டெபாசிட் கூடும்டா" என்று அக்கா ஒரு கேள்வியோடு கால் மணி நேரம் மல்லுக்கு நின்றாராம். கேள்வி அதைக் கேட்கவே இல்லை.

எவ்வளவு கேள்வி போட்டால் போதும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு என்று சவால் விட்டுக்கொண்டு சாதிப்பவர்களை எனக்குத் தெரியும். அத்தனையும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டும் வேலை. ஒரு காலையில் எட்டு கேள்வி, அதில் முப்பத்திரண்டு பொய்களையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது, இதுதான் படிப்பு என்று இந்த ஹாலைப் பார்த்தபின் அடித்துச் சொல்வேன். அதைவிடவும் ஒரு படி மேலே உண்டு: நீங்களே ஒரு கேள்வி எழுதுங்கள். இன்றைய செய்தித்தாளில் யாராவது ஒரு தலைவர் ஏதாவது ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்லி ஏதாவது ஒரு முடிவுக்குத் தாவியிருப்பார். எடுத்துக்கொள்ளுங்கள். நிஜம் ஒன்று எழுத ஐந்து நிமிடம் ஆகும். பொய் நான்கு எழுத ஒரு மாலைப்பொழுது ஆகும். நண்பர் ஒருவர் நீங்கள் எழுதிய பொய்யில் விழும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அடடா! மறுநாள் அதே மாதிரிப் பொய் உங்கள் எதிரே வந்தால் அதன் பவுடர் வாசனையிலேயே தெரிந்துவிடும்.

நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? முதலில் அதிகாரபூர்வ வழிகாட்டி நூல். பிள்ளைகள் 'ஓஜி' என்பார்கள். அது தீர்ந்துவிட்டால் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வின் பழைய லாஜிக்கல் ரீசனிங் கேள்விகள். அவை இன்னும் கொஞ்சம் முறுக்கானவை. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தத் தேர்வு புதிர்ப் பிரிவைக் கைவிட்டு, வாதக் கேள்விகளுக்கு இன்னும் அதிக இடம் கொடுத்திருக்கிறது. இரண்டையும் தாண்டி மூன்றாம் தரச் சரக்குக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வராது. முடித்தவற்றையே ஒரு மாதம் கழித்து, விடையை மறந்தபின் மறுபடி போடுங்கள். மறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, நான்கு பொய்களும் ஏன் பொய் என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

தேர்வு நடத்துபவர்களே தரும் மாக் தேர்வுகளில் முதல் இரண்டு இலவசம். கணக்கு திறந்த ஜோரில் இரண்டையும் ஒரே வாரத்தில் தீர்த்துவிடாதீர்கள். ஒன்றை இப்போது எழுதுங்கள். இன்னொன்றைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருங்கள்.